வழியில் டயர் பஞ்சரானால்

மோட்டார் வாகனம் கிராமாந்தரங்களில் ஓர் அதிசயப் பொருளாக இருந்த காலம் மலையேறிவிட்டது. காய்கறி மூட்டைகளைச் சந்தைக்குச் சுமந்து செல்லும் சிறு சரக்கு வண்டியும், பால் கேன்களை ஏற்றிச் செல்லும் வண்டியும், ஊராட்சி ஒன்றியத்தின் ஜீப்பும், விவசாயி தம் சொந்த உபயோகத்துக்கென வாங்கிய காரும் இல்லாத ஊர் இன்று அரிது. வண்டிகள் பெருகியதற்கேற்ப அவற்றை ஓட்டத் தெரிந்தவர்களும் பெருகியிருக்கிறார்கள். ஆனால், நடுவழியில் ஒரு டயர் காற்றிழந்து உட்கார்ந்துவிட்டால் செய்ய வேண்டியவற்றை முறையாக அறிந்தவர்கள் அதே அளவில் பெருகியிருக்கிறார்கள் என்று சொல்வதற்கில்லை.

ஒரு முள்ளோ ஆணியோ தைத்து மெல்லக் காற்று இறங்குவதால் உயிருக்குச் சேதம் நேர்வது அபூர்வம். அதற்குப் பிறகு சாலையோரத்தில் கழியும் அரைமணி நேரமும், மாற்றுச் சக்கரத்தோடு தொடரும் பிரயாணமுமே அபாயம் நிறைந்தவை. வளைவில் வண்டியை நிறுத்தியதால் பின்னால் வந்த லாரி மோதுவதும், மெத்தென்ற மண்ணில் ஜாக்கி சாய்ந்து வண்டி கீழே விழுவதும், சரியாக முறுக்கப்படாத நட்டுகள் கழன்று ஓடும் வண்டியிலிருந்து சக்கரம் தனியே உருண்டு போவதும் அந்த அரைமணி நேரத்தின் அஜாக்கிரதையால் விளைபவை. இவற்றில் ஒன்றேனும் தவிர்க்க இயலாததன்று.

வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே டயர் வெடித்துவிட்டால் பிரேக்கைத் திடீரென்று அழுத்தலாகாது. அவ்வாறு அழுத்தினால் வண்டி வெடித்த சக்கரத்தின் பக்கமாக இழுபடும். ஸ்டியரிங்கை இரு கைகளாலும் உறுதியாகப் பற்றி, வண்டியை நேராகச் செலுத்தி, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் வேகம் தானே குறையும். அதன் பின்னர் மெதுவாகப் பிரேக்கிட்டு இடப்புறம் ஒதுங்க வேண்டும்.

நிறுத்தும் இடம்

காற்றில்லாத டயரில் வண்டியை ஓட்டக்கூடாது என்பது பொதுவான விதி. ஓட்டினால் இரும்பு ரிம் டயரின் பக்கச் சுவரை நசுக்கிக் கிழித்துவிடும்; ஒட்டுப் போட்டுத் தீர வேண்டிய வேலை புதிய டயர் வாங்குவதில் போய் முடியும். ஆனால் இந்த விதியைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றுவது விவேகமன்று. வளைவிலோ, குறுகிய பாலத்தின் மீதோ, மேட்டின் உச்சியிலோ டயர் காற்றிழந்தால், நடைவேகத்தில் ஊர்ந்து சென்று பாதுகாப்பான இடத்தை அடைவதே முறை. அதனால் டயர் பாழானாலும் பாழாகட்டும். டயரைக் கடையில் வாங்கிவிடலாம்.

நம் நாட்டில் வண்டிகள் சாலையின் இடப்பக்கமாகச் செல்கின்றன. ஆகவே வண்டியின் வலப்பக்கச் சக்கரம் பஞ்சரானால், அதை மாற்றுபவரின் முதுகு போக்குவரத்துக்கு நேராக இருக்கும். இந்நிலையில் வழக்கத்தினும் அதிகமாக, தார்ச் சாலையை முற்றிலும் விட்டு இடப்புறம் இறங்க வேண்டும். இறங்க இடமில்லையென்றால் இன்னும் சற்றுத் தூரம் ஊர்ந்து சென்று, ஒரு வயல்வழி பிரியும் இடத்தையோ பெட்ரோல் பங்கையோ தேடுவது நல்லது.

நிறுத்தியதும் நான்கு மூலைகளிலும் ஒருசேர மின்னும் சைகை விளக்குகளைப் போட வேண்டும். வண்டியில் உள்ளவர்கள் அனைவரும், குழந்தைகள் உட்பட, இடப்புறமாக இறங்கிச் சாலையை விட்டு விலகி நிற்க வேண்டும். எச்சரிக்கை முக்கோணத்தை வண்டிக்குப் பின்னால் எவ்வளவு தூரத்தில் வைப்பது என்பதைச் சிறு கணக்கொன்று விளக்கும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் 22 மீட்டர் கடக்கிறது. முக்கோணம் 50 மீட்டர் தள்ளி இருந்தால், அதை அருகே வந்து காணும் ஓட்டுநருக்குக் கிடைக்கும் அவகாசம் இரண்டே கால் விநாடி. கிராமச் சாலைக்கு 50 மீட்டர் போதும். நெடுஞ்சாலையில் 100 மீட்டராவது வேண்டும். வளைவு இருந்தால் வளைவுக்கு அப்பாலேயே வைத்தல் அவசியம்.

தேசிய நெடுஞ்சாலையில் நின்றுவிட்டவர்கள் 1033 என்ற எண்ணை அழைத்து உதவி கோரலாம். இரவு வேளையில், இடவசதி இல்லாத நெடுஞ்சாலையில், சக்கரத்தைத் தாமே மாற்றத்தான் வேண்டும் என்னும் கட்டாயம் எவருக்கும் இல்லை.

நிலமும் ஜாக்கியும்

இக்கட்டுரையில் மற்றவற்றைவிட நிலத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வண்டியோடு வரும் விளக்கப் புத்தகங்கள், சமமான கெட்டித் தரையில் ஜாக்கியை வைக்குமாறு ஒரு வரியில் சொல்லி முடித்துவிடுகின்றன. நகரத்துச் சாலைகளுக்கு அது போதும். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண்ணிலும், காவிரிப் பாசனப் பகுதியின் வாய்க்கால் கரைகளிலும், இராமநாதபுரத்துக் கடலோர மணலிலும் கெட்டித் தரைக்கு எங்கே போவது?

சுமார் 1,000 கிலோ எடையுள்ள காரின் ஒரு மூலையைத் தூக்கும்போது ஜாக்கியின் மேல் ஏறக்குறைய 300 கிலோ பாரம் இறங்குகிறது என்று கொள்வோம். ஜாக்கியின் அடித்தட்டு உள்ளங்கை அகலந்தான்; ஏறக்குறைய 80 சதுர சென்டிமீட்டர். அந்தப் பாரம் முழுவதும் அச்சிறு தட்டின் வழியாக மண்ணை அழுத்துகிறது. மழை பெய்த கரிசல் மண் இதைத் தாங்காது. ஜாக்கி ஒரு பக்கமாகப் புதைந்து சாயும். இப்போது ஓர் அடிக்குச் சற்றுக் குறைவான, அதாவது 30 சென்டிமீட்டர் நீளமும் அதே அகலமும் ஒன்றரை அங்குலக் கனமும் உள்ள மரப்பலகை ஒன்றை ஜாக்கியின் அடியில் வைத்தால், அதே பாரம் 900 சதுர சென்டிமீட்டரில் பரவுகிறது. அழுத்தம் பதினொன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஒரு மனிதர் ஒற்றைக் காலில் நிற்கும்போது மண்ணில் உண்டாகும் அழுத்தத்துக்கு மேல் அது அதிகமிராது. மனிதர் நடக்கும் மண்ணில் ஜாக்கியும் நிற்கும்!

இந்தப் பலகைக்குப் பெரிய செலவு ஏதுமில்லை. ஊர்த் தச்சரிடம் கிடக்கும் வேம்பு அல்லது மாமரத் துண்டே போதும். வெடிப்பு இல்லாததாகப் பார்த்து எடுத்து வண்டியிலேயே போட்டு வைக்க வேண்டும். பலகைக்குப் பதில் செங்கல்லையோ கருங்கல் சில்லையோ வைக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அது மிகவும் தவறு. செங்கல் பாரத்தில் திடீரென்று பிளந்துவிடும். கருங்கல்லின் மேல் ஜாக்கி வழுக்கும். வாய்க்கால் கரை போன்ற சரிவுகளில் பலகை வைத்தும் பயனில்லை. அங்கே வண்டியைச் சமதளத்துக்கு நகர்த்துவதைத் தவிர வேறு வழி கிடையாது.

ஜாக்கியை ஊன்றுமுன் கைப்பிரேக்கை இழுத்து, வண்டியை முதல் கியரில் வைக்க வேண்டும். பஞ்சரான சக்கரத்துக்குக் குறுக்குக்கோணத்தில் உள்ள சக்கரத்தின் முன்னும் பின்னும் கட்டைகளைக் கொடுக்க வேண்டும். முன் இடச் சக்கரம் பஞ்சரென்றால் பின் வலச் சக்கரத்துக்குக் கட்டை என்று கொள்க. சரக்கு ஏற்றிய வண்டியாயின் ஜாக்கியின் மீது பொறிக்கப்பட்டிருக்கும் தாங்குதிறனைப் பார்க்க வேண்டும். சந்தேகமிருந்தால் மூட்டைகளை இறக்கிவிடுவதே உத்தமம். தக்காளிக் கூடைகளை இறக்கி ஏற்றுவது கால்மணி நேர வேலைதான்.

காரின் அடிப்பக்க ஓரத்தில் ஜாக்கிக்கென்றே குறியிட்ட இடங்கள் உண்டு. வேறிடத்தில் வைத்தால் தகடு நசுங்கும், அல்லது ஜாக்கி நழுவும். தூக்குவதற்கு முன்னரே, சக்கரம் தரையில் அழுந்தியிருக்கும்போது, எல்லா நட்டுகளையும் அரைச்சுற்று தளர்த்திவிட வேண்டும். தூக்கிய பிறகு தளர்த்த முயன்றால் சக்கரம் சுழலும். வண்டியும் ஜாக்கியின் மேல் ஆடும். நட்டுகள் இடப்புறமாகத் திருப்பினால் தளரும். சில பழைய லாரிகளில் மட்டும் இடப்பக்கச் சக்கரங்களின் நட்டுகளுக்கு மரை எதிர்முகமாக வெட்டப்பட்டிருக்கும். அவை அசையாவிட்டால் வலுவைக் கூட்டுமுன் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

டயர் தரையை விட்டு இரண்டு மூன்று அங்குலம் எழும்பினால் போதும். காற்று நிறைந்த ஸ்டெப்னி, காற்றிழந்த டயரைவிட உயரமானது என்பதற்காகவே இந்த இடைவெளி. வண்டி ஜாக்கியின் மீது நிற்கையில் உடம்பின் எந்தப் பகுதியும் அதன் அடியில் போகலாகாது. தூக்கத் தொடங்கியதும் ஸ்டெப்னியை வண்டியின் ஓரத்துக்கு அடியில் படுக்க வைப்பதும், சக்கரத்தைக் கழற்றியபின் கழற்றிய சக்கரத்தை அங்கே தள்ளிவிட்டு ஸ்டெப்னியை எடுத்துக்கொள்வதும் அனுபவசாலிகளின் வழக்கம். ஜாக்கி சாய்ந்தாலும் வண்டி தரையோடு அமராமல் அச்சக்கரத்தின் மேல் நின்றுவிடும். இது ஒரு நிமிஷ வேலை. கை கால்களைக் காப்பது.

நட்டுகள்

புதிய சக்கரத்தைப் பொருத்துமுன் அது உட்காரும் பரப்பிலுள்ள சேற்றையும் துருவையும் துணியால் துடைக்க வேண்டும். இடையில் சேறு இருந்தால் அப்போது நட்டு இறுகியதுபோல் தோன்றும். பத்துக் கிலோமீட்டர் ஓடியபின் அச்சேறு உதிர்ந்து நட்டு தளர்ந்துவிடும். மரைகளில் எண்ணெய் தடவுவது தவறு. நட்டின் கூம்பிய முகம் சக்கரத்தை நோக்கியே இருக்க வேண்டும்.

முதலில் எல்லா நட்டுகளையும் கையால் முறுக்கி, வண்டியை இறக்கிச் சக்கரம் தரையைத் தொட்டபின் ஸ்பானரால் இறுக்க வேண்டும். வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாக இறுக்கினால் சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காரும். நான்கு நட்டுகள் உள்ள சக்கரத்தில் எதிரெதிராகவும், ஐந்து உள்ளதில் ஒன்று விட்டு ஒன்றாகவும் இறுக்குவது முறை. தளர்த்தும்போது ஸ்பானரைக் காலால் மிதிக்கலாம். இறுக்கும்போது மிதிப்பது பலரிடம் காணப்படும் வழக்கமாயினும் விரும்பத்தக்கதன்று. ஓர் ஆளின் முழு எடையும் ஏறினால் போல்ட் நீண்டு பலமிழக்கும். அடுத்த முறை கழற்றவும் வராது. வண்டியோடு தரப்பட்ட ஸ்பானரை இரு கைகளாலும் நன்கு அழுத்துவதே சாதாரணக் காருக்குப் போதுமானது.

ஐம்பது கிலோமீட்டர் ஓடியபின் நட்டுகளை மறுபடியும் ஒரு முறை இறுக்கிப் பார்க்க வேண்டும். பெரும்பாலோர் மறந்துவிடுவது இதுவே. ஓடும்போது ஸ்டியரிங்கில் புதிதாக ஆட்டம் தோன்றினால் ஐம்பது கிலோமீட்டர் வரை காத்திராமல் உடனே நிறுத்திப் பார்த்தல் வேண்டும்.

ஸ்டெப்னியுடன் பிரயாணம்

ஸ்டெப்னி என்று நாம் நாளும் சொல்லும் சொல் எங்கிருந்து வந்தது என்பது பலருக்குத் தெரிந்திராது. ஆரம்ப கால மோட்டார்களில் உபரிச் சக்கரம் கிடையாது. சாலையோரத்தில் உட்கார்ந்து டயரைப் பிரித்து ஒட்ட வேண்டியிருந்தது. வேல்ஸ் நாட்டில் லானெல்லி என்னும் ஊரில் தாமஸ் மோரிஸ் டேவிஸ் என்பவர் 1904-இல், காற்று நிரப்பிய டயரோடு கூடிய ஆரமற்ற வளையம் ஒன்றைச் செய்தார். பஞ்சரான சக்கரத்தைக் கழற்றாமலே அதன்மேல் இவ்வளையத்தைப் பூட்டி ஓட்டலாம். அவருடைய தொழிலகம் இருந்த ஸ்டெப்னி தெருவின் பெயரே அச்சாதனத்துக்கும் ஆயிற்று. அது பிறந்த நாட்டில் அச்சொல் பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டது. நம் ஊர் பஞ்சர் கடைகளில் இன்றும் உயிரோடிருக்கிறது.

அந்தப் பழைய ஸ்டெப்னி போலவே, இன்று பல கார்களில் வரும் உபரிச் சக்கரமும் தற்காலிக உதவிக்கென்றே செய்யப்பட்டது. மற்ற நான்கைவிடச் சிறியதாகவோ ஒடுங்கியதாகவோ இருக்கும். அதன்மேல் 80 கிலோமீட்டர் என்று வேக வரம்பு எழுதி ஒட்டப்பட்டிருக்கும். இது வீட்டுக்கோ அருகிலுள்ள பஞ்சர் கடைக்கோ போய்ச் சேர்வதற்கானது, மாதக்கணக்கில் ஓட்டுவதற்கானதன்று. ஒடுங்கிய டயர் தரையைப் பற்றும் பரப்புக் குறைவு. ஆகையால் பிரேக்கிட்டால் வண்டி நிற்க அதிகத் தூரம் எடுக்கும். மழையில் இன்னும் அதிகமாகும். முன்னால் செல்லும் வண்டிக்கு வழக்கத்தைப்போல் இருமடங்கு இடைவெளி விடுவதும், வளைவுகளில் வேகத்தை நன்கு குறைப்பதும், முந்திச் செல்லும் ஆசையை அன்றைக்கு விட்டுவிடுவதும் நலம்.

ஒரே அச்சின் இரு சக்கரங்கள் வேறு வேறு அளவினவாக இருந்தால் அவை வேறு வேறு எண்ணிக்கையில் சுழலும். எஞ்சினால் இயக்கப்படும் அச்சாயின், வளைவில் மட்டும் வேலை செய்ய வேண்டிய டிஃபரென்ஷியல் இடைவிடாமல் வேலை செய்து சூடேறும். சிறிய கார்களில் பெரும்பாலானவை முன்சக்கரங்களால் இயக்கப்படுபவை. அவற்றின் முன்டயர் பஞ்சரானால், பின்சக்கரம் ஒன்றை முன்னே கொண்டுவந்து சிறிய ஸ்டெப்னியைப் பின்னே பொருத்துவது சிறந்தது. ஆனால் இதற்கு ஜாக்கியை மீண்டும் மீண்டும் வைக்க வேண்டியிருக்கும். பகல் வெளிச்சமும் நல்ல இடமும் இருந்தால் செய்யலாம்; இல்லையேல் மெதுவாக ஓட்டிக் கடையைச் சேர்ந்துவிடுவதே மேல். சரக்கு வண்டிகளிலும் ஜீப்புகளிலும் ஸ்டெப்னி பெரும்பாலும் முழு அளவினதாகையால் இத்தொல்லை இல்லை. எனினும் அதன் டயர் எத்தனை வருஷம் பழையது என்பதைக் கவனிக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்கள் அதன் பிறப்பைச் சொல்லும்: 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். ஓடாமலே கிடந்தாலும் ரப்பர் இறுகி வெடிப்புக் காணும்.

ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்பதைத் தேவைப்படும் நாளில் கண்டறிவது நம்மிடையே பரவலான குறை. தொடாமல் கிடக்கும் டயரிலும் மெல்லக் காற்றுக் குறைகிறது. மாதம் ஒரு முறை மற்ற டயர்களோடு இதையும் சோதிக்கச் சொல்ல வேண்டும். பஞ்சர் கடைக்காரர் தாமாகச் செய்யமாட்டார். ஒடுங்கிய தற்காலிகச் சக்கரத்துக்கு மற்றவற்றைவிட மிக அதிகமான காற்று, சதுர அங்குலத்துக்கு 60 பவுண்டு வரை, வேண்டியிருக்கலாம். அந்த அளவு டயரின் மீதே இருக்கும். சிறு சரக்கு வண்டிகளில் ஸ்டெப்னி அடிப்பக்கத்தில் தொங்குவதால், அதைப் பிடித்திருக்கும் மரையில் வயற்சேறு ஏறித் துருப்பிடித்துவிடும். அறுவடைக் காலம் தொடங்குமுன் ஒரு நாள் அதை இறக்கி, சுத்தம் செய்து, மீண்டும் ஏற்றிப் பழகிக்கொள்வது நல்லது.

புதிதாக வாங்கும் சில கார்களில் ஸ்டெப்னியே இராது. டியூப் இல்லாத டயர்களும், காற்றழுத்தத்தைக் காட்டும் கருவியும், பழுது பார்க்கும் சாதனங்களும் உள்ள பிரயாணிகள் வாகனங்களுக்கு உபரிச் சக்கரம் கட்டாயமில்லை என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் 2020-இல் திருத்தப்பட்டன. அச்சாதனங்கள் டயரின் தரைபடும் பகுதியில் தைத்த ஆணிக்குப் பயன்படும். பக்கச் சுவர் கிழிந்தால் பயன்படா. பஞ்சர் கடை அருகில் இல்லாத ஊர்களில் வசிப்பவர்கள் வாங்குமுன்னரே இதைக் கேட்டறிவது நலம்.

டிராக்டரும் டிரெய்லரும்

மேலே கூறிய முறை டிராக்டரின் பெரிய பின்சக்கரத்துக்குப் பொருந்தாது. பிடிமானத்துக்காகப் பல டிராக்டர்களின் டயரில் முக்கால் பாகம் வரை தண்ணீர் நிரப்பப்பட்டிருக்கும். அது சாய்ந்தால் ஓர் ஆளால் தாங்க முடியாது. அதை மெக்கானிக்கிடம் விட்டுவிட வேண்டும். டிரெய்லர்களிலும் லாரிகளிலும் டயரை ரிம்மோடு பிடித்து நிறுத்தும் பூட்டு வளையம் உள்ள சக்கரங்கள் இருக்கும். உள்ளே காற்று இருக்கும்போது இவ்வளையம் விடுபட்டால் பீரங்கிக் குண்டுபோல் பாயும். வால்வின் ஊசியைக் கழற்றிக் காற்று முழுவதையும் வெளியேற்றிய பிறகே அச்சக்கரத்தைப் பிரிக்க வேண்டும். காற்றடிக்கும்போது வளையத்துக்கு நேரே எவரும் நிற்கலாகாது. வேடிக்கை பார்க்கும் சிறுவர்களை அப்புறப்படுத்துவது கடைக்காரரின் பொறுப்பு.

கரும்போ நெல்லோ ஏற்றிய டிரெய்லர் இரவில் சாலையில் நின்றுவிட்டால், பின்புறத்தில் ஒளி எதிரொலிக்கும் பட்டைகள் இல்லாவிடில் அது மோட்டார் சைக்கிளில் வருபவரின் கண்ணுக்கு அருகே வரும்வரை புலப்படாது. கரும்புத் தோகை பட்டைகளை மறைக்காதபடி சுமை கட்டுவது அவசியம்.

ஊராட்சி செய்யக்கூடியவை

வண்டி நின்றதும் கருங்கற்களைச் சுற்றி அடுக்கி, மரக்கிளையை ஒடித்து வைப்பது நம் சாலைகளில் பழைய வழக்கம். எச்சரிக்கைக்கு அது ஓரளவு உதவுகிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் சக்கரம் மாற்றியதும் அவசரத்தில் வண்டி புறப்பட்டுவிடுகிறது. கற்கள் அங்கேயே கிடக்கின்றன. அன்றிரவு அவ்வழியே இரு சக்கர வாகனத்தில் வருபவருக்கு அவை யமனாகின்றன. சக்கரத்துக்கு வைத்த கட்டைகளையும் கற்களையும் எடுத்து ஓரத்தில் போடாமல் வண்டி ஏறலாகாது என்பதை ஓட்டுநர்களுக்கு வலியுறுத்துவதோடு, கிராமச் சாலையில் கிடக்கும் கற்களைக் காலையில் அகற்றும் பொறுப்பை ஊராட்சிப் பணியாளர் ஒருவரிடம் ஒப்படைக்கலாம்.

சீமைக் கருவேல் வெட்டும் காலங்களில் பஞ்சர் அதிகமாவதை எல்லோரும் கண்டிருப்பார்கள். விறகு ஏற்றும் இடத்தில் உதிரும் முட்கள் சாலையில் பல நாள் கிடந்து, முதலில் சைக்கிள்களையும், பிறகு மோட்டார் சைக்கிள்களையும், கடைசியில் வண்டிகளையும் தைக்கின்றன. ஊராட்சிக்குச் சொந்தமான கண்மாய்களில் இம்மரத்தை ஏலம் விடும்போது, விறகு ஏற்றும் இடத்தை ஏலதாரரே அன்றாடம் கூட்டிச் சுத்தம் செய்ய வேண்டும் என்ற நிபந்தனையையும், தவறினால் வைப்புத் தொகையில் பிடித்தம் செய்யப்படும் என்பதையும் ஏல அறிவிப்பிலேயே சேர்த்துவிடலாம்.